வெஸேர் ஆற்றோரம்: நியாண்டர்தால் குழிகளைத் தேடி

திங்கள், லெ எய்சி

பெரிகுவிலிருந்து லெ எய்சிக்குச் சின்ன ரயில் ஒன்று ஓடுகிறது. நிலையத்தை விட்டு ஊருக்குள் நடந்தால், வீடுகளுக்கு மேலே சுண்ணாம்புப் பாறை கவிந்து நிற்கும். தென்மேற்கு பிரான்சின் இந்தப் பள்ளத்தாக்கில், மறைந்துபோன பழைய மனித இனமான நியாண்டர்தால்களின் எலும்புகள் கிடைத்த இடங்கள் பெரும்பாலும் ஆழமான குகைகள் இல்லை. மழைக்கு ஒதுங்கும் அளவுக்குப் பாறை உட்குழிந்த ஒதுக்குகள்தான்.

தேசியத் தொல்பழங்கால அருங்காட்சியகத்துக்கு முதலில் போய்விடுவது நல்லது. கோடை விடுமுறை மாதங்களைத் தவிர மற்ற நாட்களில் செவ்வாயன்று மூடிவிடுவார்கள்.

எலும்பு ஏன் இங்கே தங்கியது என்பதற்குக் காரணம் இந்தப் பாறைதான். மழைநீர் இயல்பிலேயே சற்று அமிலத்தன்மை கொண்டது. வெறும் மண்ணில் அது எலும்பின் தாதுவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடும். சுண்ணாம்பு வழியாக இறங்கும்போது அந்த அமிலம் பாறையிலேயே செலவாகிவிடுகிறது. போதாததற்கு, ஒதுக்கின் கூரை அவ்வப்போது உதிர்ந்து கீழே கிடப்பதை மூடிக்கொண்டே வருகிறது. நம் அத்திரம்பாக்கத்தில் சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட இடைப் பழங்கற்காலக் கருவிகள் கிடைத்தன; அவற்றைச் செய்தவர்களின் எலும்பு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. யார் செய்தது என்ற கேள்வி அங்கே அப்படியே நிற்கிறது. இங்கே எலும்பு இருக்கிறது, அதனால் வழக்கும் இருக்கிறது: நியாண்டர்தால்கள் இறந்தவர்களைக் குழி வெட்டிப் புதைத்தார்களா, இல்லையா?

அருங்காட்சியகத்தின் மொட்டைமாடியில் பால் தார்தே 1931இல் செதுக்கிய ஆதிமனிதன் சிலை பள்ளத்தாக்கைப் பார்த்து நிற்கிறது. கழுத்து முன்னே தள்ளி, தோள் தொங்கி, பாதி மிருகமாக. அந்தக் கூன் எங்கிருந்து வந்தது என்பதற்கு வெள்ளிக்கிழமை போகப்போகும் ஊரில் விடை உண்டு.

உள்ளே தேட வேண்டியவை இரண்டு: ரோக் த மார்சால் குழந்தையின் எலும்புக்கூடு, லெ முஸ்தியே பச்சிளம் சிசுவின் எலும்புகள். லா ஃபெராசியின் பெரியவர்களை இங்கே தேடி ஏமாறாதீர்கள். அவர்கள் பாரிஸ் மனித அருங்காட்சியகத்தில் இருக்கிறார்கள். லெ முஸ்தியே இளைஞனின் மண்டையோடு பெர்லினில். ரெகூர்துவின் கீழ்த்தாடை பெரிகு அருங்காட்சியகத்தில். இப்படிச் சிதறிக் கிடப்பதும் ஆய்வின் ஒரு பகுதிதான். அடுத்தடுத்த நாட்களில் அது தெரியும்.

செவ்வாய், லெ முஸ்தியே

ஆற்றோடு மேலே சுமார் 10 கிலோமீட்டர். மேல் ஒதுக்கு, கீழ் ஒதுக்கு என இரண்டு. முஸ்தீரியன் என்று உலகமெங்கும் சொல்லப்படும் கற்கருவி மரபுக்குப் பெயர் தந்த ஊர் இது. வழிகாட்டியோடு மட்டுமே உள்ளே விடுவார்கள், குழுவும் சிறியது, முன்பதிவு அவசியம்.

கீழ் ஒதுக்கில் 1908இல் ஓட்டோ ஹவுசர் ஓர் இளைஞனின் எலும்புக்கூட்டைக் கண்டார். சுவிட்சர்லாந்துக்காரர், பழம்பொருள் விற்பவர். கண்டதும் எடுக்கவில்லை. மூடி வைத்தார், முக்கியஸ்தர்கள் வரும்போது திறந்து காட்டினார், மீண்டும் மூடினார். கடைசியில் ஆகஸ்டில், ஹெர்மன் கிளாட்ச் முதலான ஜெர்மன் அறிஞர்கள் முன்னிலையில் எடுத்தார்கள். பின்னர் இதையும், ஹவுசர் கோம்ப் கப்பெல் என்ற இடத்தில் கண்ட இன்னொரு எலும்புக்கூட்டையும் சேர்த்து 1,60,000 தங்க மார்க்குக்கு பெர்லின் வாங்கியது. மண்டையோட்டைப் பலமுறை பிரித்துப் பிரித்து ஒட்டினார்கள். ஒவ்வொரு முறையும் ஓரங்கள் தேய்ந்தன, முகம் மாறியது. 1945 குண்டுவீச்சில் உடல் எலும்புகள் எரிந்துபோயின. சோவியத் ஒன்றியத்துக்குப் போன மண்டையோடு 1958இல் கிழக்கு ஜெர்மனிக்குத் திரும்பியது.

போர் யார் கையிலும் இல்லை. ஆனால் திறந்து மூடித் திறந்ததன் சேதம் தவிர்த்திருக்கக் கூடியது. குகை மண்ணில் இருக்கும் எலும்பு ஈரத்தில் ஊறியிருக்கும். வெயிலோ காற்றோ பட்டால் வெளிப்புறம் முதலில் காய்ந்து சுருங்கும், உட்புறம் சுருங்காது. அரைமணியில் மயிரிழை வெடிப்புகள் ஓடும். இரண்டாம் முறை ஈரமானால் அந்த வெடிப்பு வழியே பிளக்கும்.

இன்று எலும்பை எடுக்கும் வரிசை இது. எலும்பின் நிறம் தெரிந்ததும் கொத்துக்கரண்டியைக் கீழே வைத்துவிட வேண்டும். அதன் பிறகு மூங்கில் சிம்பு, மென்மயிர்த் தூரிகை, ரப்பர் ஊதி மட்டும். இரும்பு முனை பட்டால் விழும் கீறலை, பத்து ஆண்டு கழித்துப் பார்ப்பவர் கற்கருவி வெட்டு என்று எண்ணி நரமாமிசக் கட்டுரை எழுதிவிடுவார். நல்ல நுண்ணோக்கியில், புதிய கீறலின் உட்புறம் வெளுத்திருப்பதை வைத்துப் பிரிக்கலாம் என்றாலும், அந்தச் சந்தேகத்தை உண்டாக்காமல் இருப்பதே மேல்.

முழுதாகத் திறக்கக் கூடாது. மேல்பகுதி தெரிந்ததும் நிழல் கட்டி, ஈரத்துணி போட்டு, படம் எடுத்து அளக்க வேண்டும். டிஎன்ஏவுக்கும் கார்பன் காலக்கணிப்புக்கும் மாதிரி எடுப்பது இந்தக் கட்டத்தில்தான்: முகக்கவசம், இரட்டைக் கையுறை, பிளீச்சில் துடைத்த கருவி. பசை எதுவும் அதற்கு முன் தொடக் கூடாது, ஏனென்றால் பசையிலும் கார்பன் இருக்கிறது. காலம் போகப் போகக் குறைந்துகொண்டே வரும் கார்பன் 14 முற்றிலும் தீர்ந்துபோன எலும்பில் 1 சதவீதம் புதிய கார்பன் கலந்தாலே, கருவி அதை 37,000 ஆண்டு என்று காட்டும். நியாண்டர்தால்கள் ஐரோப்பாவில் மறைந்தது ஏறத்தாழ 40,000 ஆண்டுகளுக்கு முன்பு. அந்த 1 சதவீதம் ஒரு முழு வரலாற்றையே பொய்யாக்கப் போதும்.

மாதிரி எடுத்த பிறகு கெட்டிப்படுத்தலாம். பாரலாய்ட் பி-72 என்ற அக்ரிலிக் பிசினை அசிட்டோனில் 5 சதவீதம் கரைத்துச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். நீர்த்த கரைசல்தான் உள்ளே இறங்கும். முதலிலேயே கெட்டியாகப் போட்டால் மேலே தோல் கட்டி, உள்ளே பொடியாகவே இருக்கும். எலும்பு ஈரமாக இருந்தால் இது உதவாது, வெள்ளையாகப் படர்ந்து நின்றுவிடும். அப்போது தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் குழம்பு வேண்டும்.

உடைந்து நொறுங்கிய எலும்பைத் தனித்தனியாகப் பொறுக்காமல் மண்ணோடு கட்டியாக எடுப்பதே வழக்கம். சுற்றிலும் 5 முதல் 10 சென்டிமீட்டர் மண் விட்டுப் பீடம்போலச் செதுக்கி, ஈரமான மெல்லிய தாள் இரண்டு மூன்று அடுக்கு, அதன் மேல் அலுமினியத் தாள், அதன் மேல் பிளாஸ்டர் கட்டுத்துணி. தாளை மறந்தால் பிளாஸ்டர் எலும்பையே பிடித்துக்கொள்ளும். கட்டுத்துணியைப் பீடத்தின் அடிக்குள் மடித்து விடாவிட்டால், புரட்டும்போது கீழ்மண் மொத்தமும் உதிரும். அளவிலும் பேராசை கூடாது. 50 சென்டிமீட்டர் நீளம், 40 அகலம், 30 உயரம் உள்ள ஈரமண் கட்டி 100 கிலோவைத் தாண்டும். குகைக்குள் அதைத் தூக்க நாலு பேர் நிற்க இடமிருக்காது. மூடுவதற்கு முன் மேல்பக்கம் எது, வடக்கு எது என்று கட்டியின் மேல் எழுத வேண்டும். உள்ளே எப்போதோ பதிந்த சிசு எலும்பு ஆய்வகத்தில் கிடைக்கும்போது, அது எந்தப் பக்கம் பார்த்துக் கிடந்தது என்று சொல்ல வேறு சாட்சி இல்லை.

சிசு என்றதும் இதே கீழ் ஒதுக்கின் இரண்டாவது ஆள். 1914இல் பிரெஞ்சு ஆய்வாளர் தெனி பெய்ரொனி கண்ட பச்சிளம் குழந்தை. நாலு மாதம் நிறையவில்லை. பல பத்தாண்டுகள் தொலைந்துபோனதாகவே கருதினார்கள். 1996இல் புருனோ மொரெய் அதை லெ எய்சி அருங்காட்சியகத்தின் இருப்பிலேயே கண்டெடுத்தார். எலும்புகளில் மண்ணும் சிக்கிமுக்கிக்கல் சில்லுகளும் ஒட்டியபடி இருந்ததால், எந்த இடத்து எலும்பு என்று ஒப்பிட்டு உறுதிசெய்ய முடிந்தது. அக்கறையோடு கழுவித் துடைத்து வைத்திருந்தால் அந்த வழி அடைபட்டிருக்கும்.

புதன், லா ஃபெராசி

லெ புக் ஊருக்கு வடக்கே, சாலையோரத்திலேயே. இறங்கியதும் கண்ணில் படுவது ஒரு மண்சுவர்: பல மீட்டர் உயரம், சிவப்பும் பழுப்பும் மஞ்சளுமாக அடுக்கடுக்காக. பெரும்பாலானவர்கள் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். அரைமணி நேரம் நின்று பார்க்க வேண்டியது அதைத்தான். தோண்டியவர்கள் வேண்டுமென்றே விட்டுவைத்த சாட்சிச் சுவர். பிறகு வருபவர் சரிபார்க்க வேறு இடம் இல்லை.

இங்கே 1909 செப்டம்பரில் வளர்ந்த ஆணின் எலும்புக்கூடு கிடைத்தது. பெய்ரொனியும் லூயி கப்பிதானும் அதை அவசரப்பட்டு எடுக்காமல் மற்ற அறிஞர்களை அழைத்துக் காட்டிய பிறகே எடுத்தார்கள். ஹவுசருடையதைவிட இது எவ்வளவோ மேல். அடுத்த ஆண்டு அருகிலேயே ஒரு பெண். பிறகு குழந்தைகளும், பிறக்கும் பருவத்துச் சிசுக்களும். ஒரு குழந்தை, சிறு குழிகள் செதுக்கிய சுண்ணாம்புப் பலகைக்கு அடியில். அந்த ஆணின் மண்டையோட்டுக் கொள்ளளவு 1,600 கன சென்டிமீட்டருக்கு மேல். நமது சராசரியைவிட அதிகம்.

எட்டாவது ஆள் தான் இந்த இடத்தின் பெரிய பாடம். 1970லும் 1973லும் ஹென்றி தெல்போர்ட் தோண்டியபோது சுமார் 2 வயதுக் குழந்தையின் எலும்புகள் சில கிடைத்தன. புதைத்ததா, தானாக மண்மூடியதா என்று அன்று சொல்ல முடியவில்லை. பல ஆண்டுகள் கழித்து ஒரு குழு களத்துக்கு வருமுன் கிடங்குக்குப் போனது. அந்த அகழாய்வில் விலங்கு எலும்பு என்று கட்டிவைத்த ஆயிரக்கணக்கான துண்டுகளைத் திரும்பவும் புரட்டினார்கள். அதே குழந்தையின் 47 எலும்புகள் அந்தப் பைகளுக்குள் இருந்தன. பழைய குறிப்பேடுகளில் இருந்த அளவுகளை வைத்து ஒவ்வொன்றையும் அதன் இடத்தில் திருப்பிப் பொருத்தினார்கள். 2020இல் முடிவு வந்தது: மண்ணடுக்கு வடகிழக்காகச் சரிகிறது, குழந்தையின் உடல் அந்தச் சரிவோடு போகவில்லை, தலைப்பக்கம் இடுப்பைவிட உயரத்தில் கிடக்கிறது. அதே அடுக்கின் பைசன் முதலான விலங்குகளின் எலும்புகள் சிதைந்திருக்க, குழந்தையுடையது சிதறாமல், மழுங்காமல் இருக்கிறது. நேரடிக் கார்பன் கணிப்பு சுமார் 41,000 ஆண்டு. தாய்வழியே வரும் மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏ நியாண்டர்தாலுடையது. விரைவாக மண் மூடிய குழிக்குள் கிடந்திருக்கிறது என்பதே அவர்கள் வாதம்.

தெல்போர்ட் அளவுகளை எழுதாமல் விட்டிருந்தால் இந்த 47 எலும்பும் வெறும் 47 எலும்புதான். ஆகவே அளக்கும் முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லலாம்.

ஒரு மீட்டர் சதுரங்களாகப் பிரித்து, அதை மீண்டும் 50 சென்டிமீட்டர் கால்களாகப் பிரிப்பார்கள். 2010 முதல் 2014 வரை அலன் துர்க் தலைமையில் இங்கே நடந்ததுபோன்ற அகழாய்வுகளில் நூல் கட்டி அளப்பது போய், கோணமும் தூரமும் அளந்து இடப்புள்ளியைப் பதியும் டோட்டல் ஸ்டேஷன் என்ற கருவி வந்துவிட்டது. இந்த வட்டாரத்தில் ஹரோல்ட் டிபிளும் ஷானன் மெக்ஃபெரனும் பழக்கிவிட்ட முறையில், 2.5 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட எந்தப் பொருளும் தனி எண்ணோடு முப்பரிமாணத்தில் பதிவாகும். அதற்குக் கீழானவை மண்ணோடு வாளிக்குப் போகும். வாளி ஒன்று சுமார் 7 லிட்டர்; வாளிக்கும் ஓர் எண், ஓர் இடப்புள்ளி. பிறகு தண்ணீர் விட்டு, பெரிய கண்ணும் சின்னக் கண்ணுமாக இரண்டு சல்லடைகளில் சலிப்பு. சிசுவின் விரலெலும்பும் எலிப் பல்லும் மாட்டுவது சின்னக் கண்ணில்.

நீண்ட பொருளுக்கு ஒரு புள்ளி போதாது, இரு முனைகளையும் எடுக்க வேண்டும். நூறு இருநூறு பொருள்களின் சாய்வையும் திசையையும் சேர்த்துப் பார்த்தால், எல்லாம் சரிவோடு ஒரே பக்கம் திரும்பியிருக்கிறதா என்று தெரியும். திரும்பியிருந்தால் தண்ணீரோ மண்சரிவோ இழுத்திருக்கிறது. அப்படிப்பட்ட அடுக்கில் “அடுப்புக்கு அருகே எலும்பு” என்றெல்லாம் பேசுவதில் பொருளில்லை.

கருவி என்பதால் தவறாது என்று நினைக்க வேண்டாம். அதிகம் நடக்கும் தவறு, அளக்கும் புள்ளியில் நிறுத்தும் பிரிசம் கம்பின் உயரத்தை மாற்றிவிட்டுக் கருவியில் மாற்ற மறப்பது. அன்று மாலை வரை எடுத்தது எல்லாம் 10 சென்டிமீட்டர் கீழே இறங்கி, வேறொரு அடுக்கில் போய் உட்கார்ந்துவிடும். இரண்டாவது, முக்காலியின் ஒரு கால் மெல்ல மண்ணில் அமிழ்வது. மருந்து ஒன்றே: பாறைச் சுவரில் அறைந்த நிலையான ஆணிகளைக் காலையிலும், சாப்பாட்டுக்குப் பின்னும், மூடுமுன்னும் அளந்து பார்ப்பது. சில மில்லிமீட்டர் விலகினாலும் நிறுத்தித் திரும்ப நிறுவ வேண்டும்.

வியாழன், லெ புக்

இன்று மழை. ரோக் த மார்சால் ஊருக்கு அருகில்தான் என்றாலும், கூட்டம் போய்ப் பார்க்கும் தலம் அல்ல, சின்னக் குகை. 1961இல் ழான் லஃபீல் என்பவர் கண்ட சுமார் 3 வயதுக் குழந்தை, பல பத்தாண்டுகள் நியாண்டர்தால் அடக்கத்துக்கு உதாரணமாகவே பாடநூல்களில் இருந்தது. மறுபடி தோண்டிய குழு 2011இல் மறுத்தது: குழந்தை கிடந்த பள்ளம் யாரும் வெட்டியதில்லை, சுண்ணாம்புத் தரை கரைந்து தானாக உண்டானது. அக்கம்பக்கத்தில் அதேபோல வேறு பள்ளங்களும் இருந்தன, அவற்றில் யாரும் இல்லை.

வெள்ளி, லா ஷாப்பெல்-ஓ-சேன்

பிரீவ் நகருக்குத் தென்கிழக்கே. பேருந்தை நம்பாமல் வண்டி எடுத்துக்கொள்ளுங்கள். கிராமத்தில் ஒரு சிறு நியாண்டர்தால் அருங்காட்சியகமும் இருக்கிறது. குகை எதிர்பார்ப்பதைவிடச் சிறியது, கூரை தாழ்வு.

1908 ஆகஸ்ட் 3. புய்சோனி சகோதரர்கள், பாதிரியார்கள், தரையில் ஒரு குழியைக் கண்டார்கள்: நீளம் சுமார் 1.45 மீட்டர், அகலம் ஒரு மீட்டர், ஆழம் 30 சென்டிமீட்டர். அதற்குள் பல் பெரும்பாலும் போன ஒரு முதியவர். எலும்புகள் பாரிஸில் தொல்லுயிர் அறிஞர் மார்செல்லின் பூலிடம் போயின. 1911க்கும் 1913க்கும் இடையில் அவர் வெளியிட்ட பெரிய ஆய்வில், வளைந்த முழங்காலும் நேரான முதுகும் முன்தள்ளிய தலையுமாக ஒரு மனிதர் நின்றார். லெ எய்சி மாடியில் நிற்பது அந்தக் காலத்துக் கற்பனையின் வாரிசு. முதியவருக்கு முதுகிலும் இடுப்பு மூட்டிலும் கடும் மூட்டுவாதம். நோயாளியை வைத்து இனத்தையே வரைந்ததன் அபத்தத்தை 1957இல் உடற்கூற்று அறிஞர்கள் ஸ்ட்ராஸ், கேவ் இருவரும் எழுதினார்கள். ஆனால் மூட்டுவாதத்தின் மேல் மட்டும் பழியைப் போடுவது பூலுக்குச் செய்யும் சலுகை. மூட்டு தேய்ந்திருப்பது அவருக்கும் தெரியும். குரங்குக்கும் நமக்கும் இடையில் வைக்க வேண்டும் என்ற முன்முடிவும் கூடவே இருந்தது. 2019இல் இடுப்பெலும்பையும் முதுகெலும்பையும் மறுபடி பொருத்திப் பார்த்தபோது, நம்மைப் போலவே கீழ்முதுகு உள்வளைந்து நேராக நிற்கும் உடல்தான் கிடைத்தது.

குழி வெட்டியதா, இயற்கையா? இந்த வட்டாரத்தில் 1999இல் தொடங்கிய புதிய அகழாய்வு 2012இல் முடிந்தது. குழியின் மிச்சத்தைத் திரும்பக் கண்டு, அது குகைத் தரையின் இயல்பான பள்ளம் அல்ல என்று வில்லியம் ரந்தூ குழுவினர் எழுதினார்கள். மனித எலும்பில் விலங்குக் கடி இல்லை; பக்கத்து ரெயின்டீர், பைசன் எலும்புகள் தேய்ந்திருக்கின்றன. 2015இல் டிபிள் குழு பதில் எழுதியது: இந்தச் சான்றுகள் போதாது. இரண்டையும் படித்தால், வழக்கின் முடிச்சு எலும்பில் இல்லை, குழியை நிரப்பிய மண்ணில் இருக்கிறது என்பது விளங்கும். அந்த மண்ணை 1908இல் வெளியே அள்ளிக் கொட்டியாகிவிட்டது.

இப்போது கிடைத்திருந்தால் செய்வது இதுதான். குழியின் பாதியை மட்டும் தோண்டி, மறுபாதியை நிற்கவிட்டு, நடுவே வெட்டுமுகத்தைப் பார்ப்பார்கள். பழைய அடுக்கின் கோடு குழியின் விளிம்பில் சட்டென்று அறுந்திருந்தால் யாரோ வெட்டியிருக்கிறார்கள். மெல்ல வளைந்து உள்ளே இறங்கினால் தரை தானாகத் தாழ்ந்திருக்கிறது. கண் ஏமாற்றும் என்பதால் விளிம்பின் குறுக்கே ஒரு தகரச் சட்டத்தை அழுத்தி, மண் கலையாமல் செங்கல் அளவு எடுத்து, உலர்த்தி, பிசின் ஊற்றி, வாரக்கணக்கில் இறுகவிட்டு அறுத்து, 30 மைக்ரான் தடிமனுக்குத் தேய்த்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். வெட்டிப் போட்ட மண்ணில் பல அடுக்குகளின் கட்டிகள் கலந்து கிடக்கும். நீர் கொண்டுவந்த மண் பருமன்படி வரிசையாகப் படிந்திருக்கும். ஈரம் முழுதாகப் போகாமல் பிசின் ஊற்றினால் நடுப்பகுதி இறுகாது, அறுக்கும்போது குழைந்துவிடும். திரும்ப எடுக்கப் பெரும்பாலும் விளிம்பே மிஞ்சியிருக்காது.

சனி, மோன்தின்யாக், ரெகூர்து

லாஸ்கோ குன்றின் மேலேயே, ஓவியக் குகைக்குக் கூப்பிடு தூரத்தில். 1957 செப்டம்பரில் நிலச் சொந்தக்காரர் ரொஜே கோன்ஸ்தான் இங்கே தோண்டியபோது ஒரு மனிதக் கீழ்த்தாடை வந்தது. உடலின் பெரும்பகுதி கிடைத்தது. மண்டையோடு இன்றுவரை கிடைக்கவில்லை. கூடவே பழுப்புக் கரடி எலும்புகள் ஏராளம். உடனே “கரடி வழிபாடு” என்று ஒரு கதை கிளம்பி, பல ஆண்டுகள் ஓடியது. கரடி குகைக்குள் குளிர்காலம் முழுவதும் தூங்கும். கிழடும் நோஞ்சானும் அங்கேயே சாகும். இதற்கு வழிபாடு தேவையில்லை.

முயல் எலும்புகளுக்குத்தான் அதிக மதிப்புக் கொடுக்க வேண்டும். அடுக்குக்குள் வளை தோண்டிய முயல்கள், சின்ன எலும்புகளை மேலும் கீழும் நகர்த்தியிருக்கின்றன. ஆகவே எலும்பு எங்கே கிடந்தது என்ற கேள்வியோடு, வளை எங்கே ஓடியது என்பதையும் வரைபடத்தில் குறிக்க வேண்டும். வளைமண் பொதுவாகத் தளர்வாக, நிறம் மாறி, வட்டமாகத் தெரியும். அதைத் தனி வாளியில் போட வேண்டும். நல்ல அடுக்கின் வாளியில் கலந்தால் அந்த வாளியே வீண்.

இங்கேயும் அருங்காட்சியகப் பெட்டிகளைத் திரும்பப் புரட்டியதில், விலங்கு எலும்பு என்று வைத்திருந்தவற்றிலிருந்து அந்த மனிதரின் துண்டுகள் மேலும் கிடைத்தன. கண்ணால் அடையாளம் காண முடியாத சில்லுக்கு இப்போது கொலாஜன் என்ற எலும்புப் புரதத்தை வைத்துச் செய்யும் சோதனை இருக்கிறது. 20 மில்லிகிராம் அளவு போதும். புரதத்தை வெட்டி, துண்டுகளின் எடையை நிறமாலைமானியில் பார்த்தால் மாடா, குதிரையா, மனிதக் குடும்பமா என்று தெரியும். நியாண்டர்தாலா நாமா என்று அது சொல்லாது, இருவர் கொலாஜனும் ஒன்றே. அதற்கு டிஎன்ஏ வேண்டும். சைபீரியாவின் தெனிசோவா குகையில் 2,000க்கு மேற்பட்ட சில்லுகளை இப்படிச் சலித்ததில் ஒன்றே ஒன்று மனிதக் குடும்பம் என்று வந்தது. நியாண்டர்தால் தாய்க்கும், தெனிசோவர் என்ற மறைந்துபோன இன்னொரு மனித இனத்துத் தந்தைக்கும் பிறந்த பெண் அது என்று 2018இல் தெரிந்தது.

பழைய சேகரிப்பில் இந்தச் சோதனை செய்வோருக்கு ஒரு எச்சரிக்கை. அந்தக் காலத்தில் உடைந்த எலும்பை ஒட்டப் பெரும்பாலும் விலங்குத் தோலையும் எலும்பையும் காய்ச்சிய பசைதான். அதுவும் கொலாஜனே. ஒட்டிய இடத்தில் சுரண்டினால் பசைக்குப் பலியான மாடுதான் முடிவில் வரும். ஆகவே ஒட்டுத் தழும்பிலிருந்து தள்ளி, மேல்பூச்சை நீக்கி, உட்சுவரிலிருந்து எடுக்க வேண்டும். எடுத்த இடத்தைப் படமெடுத்து, பெட்டியின் சீட்டிலேயே எழுதி வைக்க வேண்டும்.